கார்ப்ரேட்டரின் அடியில் ஒரு கோடு

நீ அந்த இணையக் குழுவில் எழுதியதை எல்லோரும் படித்தார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள், வைத்திருக்க ஆசைப்படுகிறவர்கள், சும்மா படம் பார்க்கச் சேர்ந்தவர்கள். அதனால் இதையும் அவர்கள் படிக்கும்படியே எழுதுகிறேன். எழுதுவது உனக்குத்தான். ஆனால் உன்னோடு முடிந்துவிடக் கூடாது. பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் செய்யாதே. நீ செய்வாய் என்று தெரியும். முழுவதையும் படி.

"தருமபுரியில், பென்னாகரம் ரோட்டில், மாதேஷ் என்கிற மெக்கானிக்கிடம் வண்டி விடுகிறவர்கள் கவனம். அசல் உதிரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போலியை மாட்டுகிறார்." நீ எழுதியது இவ்வளவுதான். இரண்டு வரி. அதன் கீழே கைகூப்பிய நன்றிகள். "நல்லவேளை சொன்னீர்கள்" என்று ஒருவர். அந்த இரண்டு வரிகளும் உன்னுடையவை அல்ல. நான் ஃபோனில் சொன்னவை. அவற்றில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. ஊர் பெயரும் ரோட்டின் பெயரும் ஆளின் பெயரும் மட்டும் உண்மை.

உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. அதன்பிறகான வருடங்களில் பெரும்பகுதியை நான் தேர்வறைகளில் நடந்தே கழித்திருக்கிறேன். கணக்கு டீச்சர். முப்பது தலைகள் குனிந்திருக்கும். எந்தக் கழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அது திரும்பும் முன்பே எனக்குத் தெரியும். விடைத்தாளை மாற்றி வைக்கிறவர்கள் உண்டு. அதற்காக ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பிள்ளைகளுக்குத் தெரியாது. சக ஆசிரியர்களுக்கும் தெரியாது. அந்தப் புள்ளியால் இத்தனை வருடங்களில் நான் பிடித்தது ஒரே ஒருவனை. ஆனால் புள்ளி வைக்காமல் ஒரு தாளைக்கூட நான் கையிலிருந்து விட்டதில்லை.

உன் அப்பாவின் ஃபியட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபது வயதை நெருங்கும் வண்டி. நீ பிறந்த வருடம் இரண்டாம் கையாக வாங்கினார். கடைசியாக அவர் அதை ஓட்டியது தொப்பூர் கணவாயில். ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. பொறுமை இல்லாமல் சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். உள்ளே இரும்பு விரிசல் விட்டது. வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. அடுத்த வருடம் அவரும் போனார். உனக்குக் கல்யாணம் முடிவானதும் நீ சொன்னாய், மாதா கோயிலுக்கு இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்று. வேறு எஞ்சின் ஒன்றை நீயே தேடி அனுப்பினாய். அதே வகை, ஆனால் வண்டியைவிட இருபது வருடம் இளையது. கூடவே ஒரு கட்டளையும் அனுப்பினாய். அந்த எஞ்சினோடு வந்த ஆல்டர்னேட்டர் வேண்டாம், பழைய டைனமோதான் வேண்டும். பிளாஸ்டிக் விசிறி வேண்டாம், தகர விசிறி. டிஸ்ட்ரிபியூட்டர், கார்ப்ரேட்டர், மேல் மூடி, எல்லாமே செத்த எஞ்சினிலிருந்து கழற்றிப் புதியதில் ஏற்ற வேண்டும். பானெட்டைத் திறந்தால் அப்பா பார்த்தது அப்படியே தெரிய வேண்டும். நீ அப்படித்தான் சொன்னாய்.

மாதேஷ் நம் வீட்டுக்கே வந்து அவற்றைக் கழற்றினார். ஒரு தகர டிரேயில் வரிசையாக அடுக்கினார். நாளைக்கு வண்டியை இழுத்துப் போகிறேன், இவற்றை ஆட்டோவில் எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாலை நான் டிரேயின் முன்னால் உட்கார்ந்தேன். அசல் உதிரிகள் கிடைப்பதில்லை, கிடைத்தால் விடமாட்டார்கள் என்று நீதான் சொல்லியிருந்தாய். அப்படிப்பட்டவற்றை ஒரு அந்நியர் எடுத்துப் போகப் போகிறார். டைனமோவின் அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒன்று. மூடியின் உள்பக்கம் ஒன்று. பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்ப்ரேட்டரைக் கையில் எடுத்தபோது நின்றேன். இதைப் பெட்ரோலில் கழுவுவார்கள். நகப்பூச்சு நிற்காது. அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் தட்டையான ஒரு முகம், எஞ்சின் மேல் உட்காரும் இடம். நடுவில் பெரிய வட்டத் துளை. மாட்டிவிட்டால் அந்த முகம் யார் கண்ணிலும் படாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். காம்பஸ் முனையால் துளையின் விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை ஒரு கோடு. மென்மையான உலோகம். தேய்த்தாலும் போகக் கூடாதென்று அதே கோட்டின் மேல் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தேன். நல்ல நேர்கோடு.

உன்னிடம் சொல்லவில்லை. அடையாளம் என்பது இன்னொருவருக்குத் தெரிந்ததும் செத்துவிடும் என்பது என் நம்பிக்கை.

பள்ளி முடிந்ததும் தினமும் பட்டறைக்குப் போனேன். எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மாதேஷுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு குறைவு. அவர் மனைவி கோவிந்தம்மா அங்கேயே ஒரு தையல் மெஷின் போட்டு கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறார். பேச்சு முழுவதும் அவரிடம்தான். பழைய டைனமோவின் பிடி புதிய எஞ்சினின் துளைகளோடு பொருந்தவில்லை. மாதேஷ் இரண்டு நாள் அரத்தால் ராவி ஒரு புதுப் பிடியைச் செய்தார். கோவிந்தம்மா தலை நிமிராமல் சொன்னார்: "பாருங்க டீச்சரு, புது மாப்பளைக்கு மாமனார் சட்டைய மாட்டி உடறாரு. அக்குள்ல புடிக்குது." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கிற ஆட்களிடம் கவனம் தேவை என்று நினைத்தேன். அவர்கள் இருவரும் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள். நான் இருக்கும்போதும். எனக்குப் புரியாது. நடுவில் "டீச்சர்" என்ற சொல் மட்டும் விழும். ஒரு மாலையில் அது ஐந்து முறை விழுந்தது, எண்ணினேன்.

கார்ப்ரேட்டரை அவர் மாட்டியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். நான் பள்ளியில் இருந்தேன். மாலையில் போனபோது அது பளபளவென்று இருந்தது. நான் டிரேயில் பார்த்தது கரி பிடித்தது, கறுப்பு. கழுவினாலும் இவ்வளவு பளபளக்காது, இது வேறு என்று முடிவு செய்தேன். தலைக்கு மேலே பலகையில், நியூஸ் பேப்பர் மூடிய அட்டைப்பெட்டிக்குள், கரி பிடித்த கார்ப்ரேட்டர் ஒன்று தெரிந்தது. எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அந்தப் பெட்டி அங்கே இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றுதான் எஞ்சினை ஓட விட்டார்கள். ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்து அழுத்தினால் ஓடியது. காலை எடுத்ததும் மூச்சு வாங்கியது. ஏறி, இறங்கி, ஏறி, நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் அப்படியே. போலி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதேஷ் கேஸ்கட்டை மாற்றவில்லை, பிளக்கை மாற்றவில்லை. கொஞ்ச நேரம் காதை மட்டும் கொடுத்துக் கேட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"டீச்சர், கார்ப்ரேட்டர ஒருக்கா எறக்கிப் பாக்கணுங்க. எங்கியோ காத்து இழுக்குது."

"நேத்துதானே மாட்டுனீங்க?"

"மாட்டுனதுதாங்க. ஒக்கார்ற எடத்துல சந்தேகமா இருக்குது."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்குது."

அவருக்குப் புரியவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார். நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

"அதுல கை வெக்காதீங்க. எனக்குத் தெரியாதப்ப மாத்தினீங்க. தெரிஞ்சுபோச்சுன்னதும் திருப்பி மாத்தப் பாக்கறீங்களா?"

தையல் மெஷின் நின்றது. மாதேஷ் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. கோவிந்தம்மாதான் பேசினார். "ஏனுங்க டீச்சரு, எங்கூட்டுக்காரரு திருடறதுன்னு எறங்கிட்டா அறுவது வருசத்து வண்டியிலயா கை வெப்பாரு? ஓடற வண்டியா பாத்து எடுக்க மாட்டாரா?" மாதேஷ் "சும்னிரு" என்றார். சும்மா இரு என்று. அந்த ஒரு கன்னடச் சொல் எனக்குப் புரிந்தது.

என் கணக்கு இதுதான். இறக்க விட்டால் எங்கோ ஒளித்த அசலைத் திருப்பி வைத்துவிட்டு "பாருங்க" என்பார். ஆகவே இவர் கையால் இறக்கக் கூடாது. வண்டியைச் சேலத்தில் வேறொருவரிடம் கொண்டுபோய், அங்கே கழற்றி, அடியில் என் கோடு இல்லை என்பதைக் காட்ட வேண்டும். உன்னிடம் ஃபோனில் "மாத்திட்டாங்க, எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன். நீ ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்றுகூட. அன்று மாலையே எழுதிவிட்டாய். ஸ்டெல்லா மட்டும் எனக்கு ஃபோன் செய்தாள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், இன்னும் என் வீட்டு வாசல் மிதிக்காதவள். "அத்தை, அந்த மெக்கானிக் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். அவர் என்ன சொல்வார், திருடினேன் என்றா சொல்வார் என்றேன். "இல்ல அத்தை, சும்மா கேட்டேன்" என்றாள். இந்தப் பெண் ஏன் முன்பின் தெரியாதவருக்காகப் பேசுகிறாள் என்று அவள் மேலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஒன்று நினைவிருக்கிறதா உனக்கு. ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு. கணக்கு வினாத்தாளை நான்தான் தயாரித்தேன், வீட்டில், சாப்பாட்டு மேசையில். நீ தொண்ணூற்றாறு வாங்கினாய். அதற்கு முன் எழுபதைத் தாண்டியதில்லை. நான் திட்டவில்லை. வேறொரு வினாத்தாளைத் தயார் செய்து, அதே மேசையில் உன்னை உட்கார வைத்து, எதிரில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். அப்பா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீ தொண்ணூற்றெட்டு வாங்கினாய். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, கை கழுவி, சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "நல்லது" என்றேன். அதன்பிறகு எந்த மதிப்பெண்ணையும் நீயாக வந்து என்னிடம் சொன்னதில்லை. கல்லூரி மதிப்பெண்களை அப்பாவிடம் சொல்வாய், அவர் என்னிடம் சொல்வார். அவர் போன பிறகு உன் சம்பளம், உன் காய்ச்சல், உன் காதல் எல்லாமே எனக்கு யார் மூலமாகவோதான் வந்தன. அன்று உன் தாளின் மூலையில் புள்ளி வைத்ததாக நினைத்தேன். புள்ளி எங்கே விழுந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

சேலத்துக்கு வண்டியை இழுத்துப் போக ஆள் வருவதற்கு முந்தைய நாள் பட்டறைக்குப் போனேன். வழக்கமாக அங்கே இரண்டு மூன்று பழைய வண்டிகள் நிற்கும். அன்று நம்முடையது மட்டும். சேலத்துக்காரர் ஒருவரின் அம்பாசிடர் போயிருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த ஜீப் பாதி வேலையில், கதவு இல்லாமலே போயிருந்தது. மாதேஷ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி குரூப்புல போட்டதப் பாத்தேங்க. அம்பாசிடர்காரர் அனுப்பியிருந்தாரு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. "வண்டிய எடுத்துக்கங்க டீச்சர். ஒண்ணே ஒண்ணு. அந்தக் கார்ப்ரேட்டர நீங்களே எறக்கிப் பாத்துட்டுப் போங்க. நான் தொடல."

ஸ்பேனரை என் கையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் கண்காணித்த பிள்ளைகள் சோதனையின்போது நிற்பதைப் போல.

இரண்டு நட்டுகள். கம்பியையும் குழாயையும் எப்படி விடுவிப்பது என்று வாயால் சொன்னார். கையில் எடுத்தேன். மனதுக்குள் வெற்றிதான் இருந்தது. கோடு இருக்காது, இவர் எதிரிலேயே காட்டலாம். கவிழ்த்தேன். கோடு இருந்தது. என் கோடு, நல்ல நேர்கோடு. அதன் மேல் பெட்ரோல் கறை படிந்திருந்தது. காற்று புகாமல் அடைக்க எஞ்சின் மேல் ஒட்டியிருந்த கேஸ்கட் காகிதத்திலும் அதே நீளத்துக்கு, அதே கோணத்தில், ஒரு கறுப்புத் தடம். வெளிக்காற்று உள்ளே போன வழி. நான் வெட்டிக் கொடுத்த வாய்க்கால். அவர் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சில நொடிகளில் அதைக் கீழே போட்டு உடைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். தொடவில்லை. "இதாங்க. நான் சொல்லல? எவனோ ஆணியில கீறியிருக்கான். கழுவறப்ப எனக்குத் தட்டுப்படல பாருங்க. என் தப்புதான், முகத்தத் தேச்சுட்டு மாட்டியிருக்கணும்." என் தப்பு என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கோவிந்தம்மா எழுந்து வந்து பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். போய் மெஷினில் உட்கார்ந்தார்.

"இப்ப தொடலாங்களா?" என்று கேட்டுவிட்டு மாதேஷ் அதை வாங்கினார். கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை விரித்து, எண்ணெய் விட்டு, அந்த முகத்தை எட்டுப் போடுவதைப் போலத் தேய்த்தார். அரை மணி நேரம். ஒவ்வொரு தடவையும் தூக்கிப் பார்த்தபோது கோடு மெலிந்திருந்தது. கடைசியில் இல்லை. புதுக் கேஸ்கட் வைத்து மாட்டினார். எஞ்சின் சீராக ஓடியது. காலை எடுத்த பிறகும் ஓடியது. உன் அப்பா சிக்னலில் நிற்கும்போது கேட்குமே, அந்தச் சத்தம்.

உன்னிடம் ஃபோனில் "சரியாயிடுச்சு, சேலம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். நீ சிரித்தாய். "பயந்துட்டான் பாத்தியாம்மா. அசல திருப்பி மாட்டிட்டான்." நான் அப்போதும் மறுக்கவில்லை. என் மௌனமே அவருக்கு எதிரான இரண்டாவது சாட்சி ஆனது. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொன்னேன். திரைக்கு அப்பால் ஒரு காது. மன்னிப்புக் கிடைத்தது. வெளியே வந்தபோது இலேசாக இருந்தது. அந்த இலேசைத்தான் நான் நம்பவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் படித்த பொய்யை ஒரே ஒரு காதில் சொல்லிக் கழித்துவிட முடியும் என்பது கணக்கில் இடிக்கிறது.

நேற்று பட்டறைக்குப் போய் மாதேஷிடம் சொன்னேன். காம்பஸ், கோடு, எல்லாம். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "எங்கிட்ட சொல்லி என்னாகுங்க டீச்சர். நான் திருடலன்னு எனக்குத் தெரியுமே." கோவிந்தம்மா தைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. கிளம்பும்போது நானே கேட்டேன், அன்றைக்கெல்லாம் என்னைப் பற்றிக் கன்னடத்தில் என்ன பேசினீர்கள் என்று. "டீச்சருக்குச் சக்கரை இருக்குமா, காப்பிக்குப் போடலாமா வேணாமான்னு கேட்டேன். வேறென்ன பேசறது உங்களப் பத்தி" என்றார் கோவிந்தம்மா. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஐந்து முறையுமா காப்பி? ஆனால் தினமும் எனக்கு வந்த காப்பியில் சர்க்கரை இல்லை. அதுவும் உண்மை.

உனக்கு அடுத்த மாதம் கல்யாணம். நல்ல புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. சந்தேகப்படாதே என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், நீ என் பிள்ளை. நான் ஒரு வார்த்தை சொன்னதும் நீ எழுதிய வேகத்தில் என் முகத்தைப் பார்த்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்டெல்லாவிடம் உனக்கு ஏதாவது சந்தேகம் வந்தால், வரும், அவளிடமே வாயால் கேள். சண்டை வந்தாலும் வரட்டும். அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்த கோணத்தை நினைவில் வைத்துக்கொண்டு காத்திருக்காதே. அவளுக்குத் தெரியாமல் எங்கும் ஒரு புள்ளி வைக்காதே. பெட்டி ஏன் பலகையில் இருக்கிறது என்று நான் அன்றே கேட்டிருந்தால், அது பாலக்கோட்டுக்காரர் ஒருவருடையது என்ற பதில் அன்றே கிடைத்திருக்கும். நேற்றுதான் கேட்டேன்.

இப்போது வண்டியில் இருக்கும் கார்ப்ரேட்டர் நம்முடையதுதானா என்று நீ கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. என் கண் முன்னால்தான் தேய்த்தார், என் கண் முன்னால்தான் மாட்டினார். அதன்பிறகு வண்டி அங்கேயே நிற்கிறது. மூன்று ராத்திரி. பார், எழுதும்போதே எண்ணுகிறேன். நீ கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தாலும் அடிப்பக்கம் வழுவழுவென்று இருக்கும். அதில் ஒன்றும் எழுதியிருக்காது.

சாவியை நான் வாங்கிக்கொள்ளவில்லை. மாதேஷிடமே விட்டுவிட்டு வந்தேன். முதலில் நீ எழுதியதை நீக்கு. நீக்கினால் போதாது, அதைப் படித்தவர்கள் படித்ததுதான். அதே இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடு, என் தப்பை மட்டுமல்ல, நீ கேட்காமல் விட்ட கேள்வியையும் சேர்த்துப் போடு. அம்பாசிடர்காரருக்கும் ஜீப்காரருக்கும் தனியாக ஃபோன் செய். பிறகு மொரப்பூரில் ரயில் இறங்கி வீட்டுக்கு வராமல் நேராகப் பென்னாகரம் ரோட்டுக்குப் போ. ஸ்டெல்லாவையும் அழைத்துப் போ, அவளுக்கு அங்கே பேசத் தெரியும். சாவியை அவரிடம் கேட்டு வாங்கு.

கொடுப்பார் என்றுதான் நினைக்கிறேன். கொடுக்காவிட்டால் கோயிலுக்கு நடந்து போவோம்.